போட்டோ எடிட்டிங்கிற்கு எவ்வளவு ரேம் வேண்டும்? அளந்து பார்த்து வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

தைப்பூசக் காவடி முடிந்த மறுநாள் எனக்கு இரண்டு மூன்று போனாவது வந்துவிடும். பிரான்ஸுக்குச் சொந்தமான இந்த ரீயூனியன் தீவின் கோவில்களில் படம் எடுக்கும் இளைஞர்கள் இப்போது அதிகம். திருவிழா முடிந்ததும் அத்தனை பேரின் கணினிகளும் ஒரே நேரத்தில் திணற ஆரம்பிக்கின்றன. போன முறை சேந்தாந்த்ரேயில் இருக்கும் காரைக்கால் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, 1,500 படம் இருக்கு. லேப்டாப் நகரவே மாட்டேங்குது. இப்ப 16 ஜி.பி. இருக்கு. 32 போடணுமா, இல்ல ஒரேயடியா 64 போட்டுரலாமா?"

"எதையும் வாங்காதீங்க தம்பி, முதல்ல அளந்து பாருங்க" என்றேன். கணினி திணறினாலே ரேம் குறைவு என்று முடிவு கட்டிவிடுகிறோம். பாதி நேரம் காரணம் வேறாக இருக்கிறது. அதிலும் இந்தத் தீவில் இருந்துகொண்டு பிரான்ஸிலிருந்து பொருள் வரவழைத்தால் 8.5 சதவீத மதிப்புக்கூட்டு வரியோடு அக்த்ருவா தெ மேர் என்கிற கடல் வரியும் சேரக்கூடும். பொருந்தாத பொருளைத் திருப்பி அனுப்பி மாற்றி வாங்குவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். அதனால் வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் செலவழிப்பது நல்லது. அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது, அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: எந்த மெமரி என்று தெளிவாகுங்கள்

கேமராவில் போடும் கார்டும் மெமரி, படங்களைச் சேர்த்து வைக்கும் டிஸ்க்கும் மெமரி, ரேமும் மெமரி என்று நம் பேச்சில் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. இங்கே பேசுகிற பிரெஞ்சில் இந்தக் குழப்பம் இல்லை. ரேமுக்கு அவர்கள் சொல்வது 'மெமுவார் வீவ்', அதாவது உயிருள்ள நினைவு. மின்சாரம் இருக்கும் வரைதான் அதற்கு உயிர். கணினியை அணைத்தால் அதில் இருந்தது எல்லாம் போய்விடும்.

நீங்கள் ஒரு படத்தைத் திறந்ததும் அது டிஸ்க்கிலிருந்து ரேமுக்கு வருகிறது. வேலை முழுக்க அங்கேதான் நடக்கிறது. ரேம் நிரம்பிவிட்டால் கணினி நின்றுவிடுவதில்லை. மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்க ஆரம்பிக்கும். வேகம் விழுவது அங்கேதான். இரண்டு துண்டுகளாகப் போட்ட சாதாரண டி.டி.ஆர். 4 தலைமுறை ரேம், 3200 வேகத்தில், நொடிக்கு சுமார் 51 ஜி.பி. வரை கொடுக்க வல்லது. சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்கான எஸ்.எஸ்.டி.யில் நல்ல என்.வி.எம்.இ. வகை சுமார் 3.5 ஜி.பி., பழைய சாட்டா வகை அரை ஜி.பி.யைக் கொஞ்சம் தாண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க் 0.1 முதல் 0.2 ஜி.பி. வரைதான்.

கடை விளம்பரம் படிக்கும்போது ஒரு விஷயம். இங்கே ஜி.பி. என்று போடமாட்டார்கள், 'ஜி.ஓ.' என்று போடுவார்கள். ஜிகாஒக்தே என்பதன் சுருக்கம் அது, அளவு ஒன்றுதான். "16 ஜி.ஓ., 512 ஜி.ஓ." என்று இரண்டு எண் இருந்தால் சிறியது ரேம், பெரியது டிஸ்க். கடையில் ரேம் துண்டைக் கேட்கும்போது 'பாரெத்' என்று சொல்லுங்கள். தலைமுடிக்குப் போடும் கிளிப்புக்கும் அதே பெயர்தான்.

படி 2: உங்கள் படம் ரேமில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கணக்குப் போடுங்கள்

டிஸ்க்கில் ஒரு ஜேபெக் படம் 10 எம்.பி.தான் இருக்கிறது, அது ரேமில் என்ன பெரிய இடம் பிடிக்கப் போகிறது என்று நினைப்போம். டிஸ்க்கில் இருப்பது மடித்து வைத்த படம். திறந்தால் விரிந்துவிடும்.

கணக்கு எளிது. அகலம் × உயரம் × 3. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிற அலைவரிசைகளுக்காக அந்த 3. ஒவ்வொரு நிறத்துக்கும் எட்டு பிட் ஒதுக்கி வேலை செய்தால் அதுவே பைட் கணக்கு. 16 பிட் என்றால் அதை இரண்டால் பெருக்க வேண்டும். 24 மெகாபிக்சல் கேமரா கொடுப்பது 6000 × 4000 படம். 8 பிட்டில் 72 எம்.பி., 16 பிட்டில் 144 எம்.பி. கேமரா 45 மெகாபிக்சல் என்றால் 16 பிட்டில் சுமார் 270 எம்.பி. 61 மெகாபிக்சல் என்றால் 360-ஐத் தாண்டும். நூறு மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட் கேமராவில் ஒரே படம் 600 எம்.பி.க்கு மேல்.

இது ஒரு அடுக்குக்கு மட்டும். போட்டோஷாப்பில் லேயர் என்கிற அந்த அடுக்கை நகலெடுத்தால் ஒவ்வொரு நகலும் திரும்ப அதே அளவு. 24 மெகாபிக்சல் படத்தில் ஐந்து முழு லேயர் என்றால் 720 எம்.பி. லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று குறிக்கும் மாஸ்க் ஒவ்வொன்றும் லேயரில் மூன்றில் ஒரு பங்கு. கர்வ்ஸ், லெவல்ஸ் போன்ற அட்ஜஸ்ட்மென்ட் லேயர்களுக்கு இடம் கிட்டத்தட்டத் தேவையே இல்லை, அவற்றில் வரைகிற மாஸ்க்குக்கு மட்டும்தான். வெளிச்சம் சரிசெய்ய லேயரை நகலெடுத்து வேலை செய்யும் பழக்கம் உள்ளவர்கள் இதை மாற்றிக்கொண்டாலே பாதிச் சுமை இறங்கிவிடும்.

அடுத்து ஹிஸ்டரி. செய்ததைத் திரும்பப் பெறுவதற்காகப் பழைய நிலைகளை மென்பொருள் வைத்திருக்கிறது. சின்ன பிரஷ் தடவலுக்கு, மாறிய பகுதியை மட்டும் சேர்த்து வைக்கும். படம் முழுக்க ஒரு ஃபில்டர் போட்டால் கிட்டத்தட்ட முழுப் பிரதியையே வைக்க வேண்டியிருக்கும். முழுப் படத்துக்குப் பத்து ஃபில்டர் போட்டுப் பார்த்தீர்களா? அந்த 144 எம்.பி. படத்துக்கு ஒன்றரை ஜி.பி. ஹிஸ்டரிக்கே போயிருக்கும்.

பெரிய செலவு பனோரமாதான். மாயிதோ மலை முனையில் நின்று மஃபாத் பள்ளத்தாக்கைப் பார்த்தால் ஒரே படத்தில் அடங்காது. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு மேல்விழும்படி ஒன்பது படம் எடுத்து ஒட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் சுமார் 25,000 பிக்சல், உயரம் 6,000. மொத்தம் 15 கோடிப் பிக்சல். 16 பிட்டில் ஒட்டிய படம் மட்டும் 900 எம்.பி. ஒட்டுவதற்காகத் திறந்த ஒன்பது லேயர் 1.3 ஜி.பி. அப்புறம் மாஸ்க்குகள், ஹிஸ்டரி, ஒட்டும் கணக்குக்கான தற்காலிக இடம். இந்த வேலைக்கு மட்டும் ஐந்தாறு ஜி.பி. போய்விடும். இதே இடத்தில் ஒவ்வொரு கோணத்துக்கும் மூன்று வெளிச்ச அளவில் எடுத்து எச்.டி.ஆர். பனோரமா செய்தால் 27 படம்.

1,500 படம் எடுத்ததால் 1,500 மடங்கு ரேம் வேண்டும் என்பது மட்டும் தவறான பயம். லைட்ரூம், டார்க்டேபிள் மாதிரியான மென்பொருள்கள் நீங்கள் செய்த மாற்றங்களைக் குறிப்பாக எழுதி வைத்துக்கொள்கின்றன. ஒரு நேரத்தில் முழுதாக விரிப்பது திரையில் இருக்கும் படத்தையும் அதன் அக்கம்பக்கத்துப் படங்களையும் மட்டும்தான்.

படி 3: சொந்த வேலையை வைத்து அளந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். நம் பிரெஞ்சு கீபோர்டில் ஷிஃப்ட் இருக்கும் இடத்தில் 'மாஜ்', எஸ்கேப் இருக்கும் இடத்தில் 'எஷாப்' என்று இருக்கும். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியைத் தேர்ந்தெடுங்கள். மேக் வைத்திருப்பவர்கள் ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி பக்கத்தைத் திறந்து, கீழே இருக்கும் மெமரி பிரஷர் வரைபடத்தைப் பாருங்கள். அங்கே எண்ணைவிட நிறம் முக்கியம். பச்சை என்றால் கவலையில்லை, மஞ்சள் என்றால் நெருக்கடி, சிவப்பு என்றால் பற்றாக்குறை.

இப்போது வழக்கமாகத் திறந்து வைப்பதை எல்லாம் திறவுங்கள். பிரவுசரில் பத்து டேப், பாட்டு, வாட்ஸ்அப், எதையும் விடவேண்டாம். பிறகு நீங்கள் இதுவரை செய்ததிலேயே மிகக் கனமான வேலையைத் திரும்பச் செய்யுங்கள். ஓடும்போதே இரண்டு எண்களைக் கவனியுங்கள்: பயன்பாட்டில் உள்ள மெமரி எவ்வளவு, டிஸ்க் எத்தனை சதவீதம்.

மெமரி 85 சதவீதத்தைத் தாண்டி நின்று, அதே நேரத்தில் டிஸ்க்கும் ஓயாமல் ஓடினால் ரேம் போதவில்லை. மெமரியில் இடம் இருக்கிறது, டிஸ்க் மட்டும் நூறில் நிற்கிறது என்றால் படங்கள் இருக்கும் டிஸ்க் மெதுவானது. இரண்டும் சும்மா இருக்க, பிராசஸர் மட்டும் நூறில் நின்றால் புது ரேம் போட்டு ஒரு பயனும் இல்லை.

போட்டோஷாப்பில் இன்னொரு நேரான அளவுகோல் உண்டு. படத்தின் அடியில் இருக்கும் சிறு பட்டையில் அம்புக்குறியை அழுத்தி எஃபிஷியன்சி என்பதைத் தேர்ந்தெடுங்கள். நூறு காட்டினால் எல்லாம் ரேமுக்குள் நடக்கிறது. நூறுக்குக் கீழே இறங்கினால் டிஸ்க்கைத் துணைக்கு எடுக்கத் தொடங்கிவிட்டது. 90-க்குக் கீழே அடிக்கடி போனால் ரேம் கூட்டுவது பற்றி யோசிக்கலாம்.

காரைக்கால் தம்பி அளந்து பார்த்தபோது என்ன தெரிந்தது தெரியுமா? காவடிப் படங்களை லைட்ரூமில் திருத்தும்போது மெமரி 11 ஜி.பி.யைத் தாண்டவில்லை. டிஸ்க்தான் நூறிலேயே நின்றது. 1,500 படத்தையும், திருத்தக் குறிப்புகள் சேரும் லைட்ரூம் கேட்டலாக்கையும் யு.எஸ்.பி.யில் செருகிய பழைய ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தார். இரண்டையும் உள்ளே இருந்த எஸ்.எஸ்.டி.க்கு மாற்றினோம். காசு செலவில்லாமல் அன்றைய பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அவருடைய மாயிதோ பனோரமாவைத் திறந்து பார்த்தபோது கதை வேறு. 16 ஜி.பி.யும் நிரம்பி, எஃபிஷியன்சி 60-க்கு இறங்கியது. அங்கே குறை உண்மையிலேயே ரேம்தான்.

படி 4: உங்களுக்கு எத்தனை?

போட்டோஷாப்புக்கும் லைட்ரூம் கிளாசிக்குக்கும் அடோபி சொல்லும் குறைந்தபட்சம் 8 ஜி.பி., பரிந்துரை 16 அல்லது அதற்கு மேல். என் அனுபவமும் இதையே சொல்கிறது.

எட்டு ஜி.பி.யில் வேலை நடக்கும். ஜேபெக் படங்கள், குடும்ப விழா, ஒரு நேரத்தில் ஒரே மென்பொருள், பிரவுசர் மூடியிருக்க வேண்டும் என்ற ஒழுங்கு இருந்தால் போதும். ஆனால் விண்டோஸே நான்கு ஜி.பி.யை ஒட்டி எடுத்துக்கொள்கிறது. மிச்சம் இருப்பதில்தான் எல்லாம். புதிதாக வாங்குகிறவர்கள் எட்டில் நிற்கவேண்டாம்.

24 மெகாபிக்சல் கேமரா சுருக்காமல் தரும் ரா படங்களைத் திருத்தி, ஏதோ ஒன்றிரண்டைப் போட்டோஷாப்புக்குக் கொண்டுபோகிறவருக்கு 16 தாராளம். கோவில் படம், கல்யாணப் படம் எடுக்கும் பெரும்பாலானவர்கள் இந்த வரிசைதான். இவர்கள் 32-க்குக் கொடுக்கும் பணத்தை நல்ல எஸ்.எஸ்.டி.க்கோ, நிறம் சரியாகக் காட்டும் திரைக்கோ கொடுத்தால் படம் நன்றாக வரும்.

பனோரமா, எச்.டி.ஆர்., பத்துப் பன்னிரண்டு லேயர், 45 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட கேமரா, லைட்ரூமும் போட்டோஷாப்பும் சேர்ந்தே திறந்திருக்கும் பழக்கம், இவற்றில் இரண்டு பொருந்தினால் 32 எடுங்கள். தீமிதி படம் எடுப்பவர்களையும் இதில் சேர்ப்பேன். பாண்டியாலே என்று இங்கே சொல்லும் திரௌபதி கோவிலில் அந்தி மங்கிய பிறகு, நெருப்பு வெளிச்சத்தில் கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி எடுத்த படத்தில் புள்ளிகள் நிறைய இருக்கும். அதை நீக்க 2023-இல் லைட்ரூமுக்கு வந்த செயற்கை நுண்ணறிவு டீநாய்ஸ் கருவியைத்தான் எல்லோரும் நாடுகிறார்கள். அது முக்கியமாக கிராஃபிக்ஸ் கார்டின் மெமரியில் ஓடுகிறது. தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராஃபிக்ஸும் இதே ரேமிலிருந்துதான் பங்கு எடுக்கும். அதனால் அங்கே 16 சீக்கிரம் சுருங்கிவிடும்.

64 என்பது நூறு மெகாபிக்சல்காரர்களுக்கும், எரிமலையின் இரவு வானத்தை ஐம்பது படம் அடுக்கிச் சேர்ப்பவர்களுக்கும், 4கே வீடியோவும் சேர்த்துச் செய்கிறவர்களுக்கும். அளந்து பார்த்து 32 நிறைந்ததைக் கண்ணால் கண்ட பிறகே வாங்குங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை உலகம் முழுக்கக் கடுமையாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கே சிப்புகள் அதிகம் போவதுதான் காரணம்.

படி 5: உங்கள் கணினி ஏற்றுக்கொள்ளுமா?

டாஸ்க் மேனேஜரின் அதே மெமரி பக்கத்தில் வேகம், எத்தனை இடத்தில் எத்தனை நிரம்பியிருக்கிறது, எந்த வடிவம் என்று மூன்றும் இருக்கும். வடிவத்தில் சோடிம் என்றிருந்தால் லேப்டாப் துண்டு, டிம் என்றிருந்தால் மேசைக் கணினித் துண்டு. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று வந்தால் ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கிறது என்று பொருள். அதை மாற்ற முடியாது. ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளிலும் இதே நிலைதான். வாங்கும் அன்று என்ன எடுத்தீர்களோ அதுவே கடைசிவரை. 2024 அக்டோபரில்தான் மேக்புக் ஏர்கூட 16 ஜி.பி.யில் தொடங்க ஆரம்பித்தது. அதற்கு முந்தைய மாடலைப் பழையதாக வாங்குகிறவர்கள் எட்டா, பதினாறா என்று கட்டாயம் கேளுங்கள்.

தலைமுறையும் பொருந்த வேண்டும். டி.டி.ஆர். 4 இடத்தில் டி.டி.ஆர். 5 நுழையாது, நடுவில் இருக்கும் வெட்டு வேறிடத்தில் இருக்கும். அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும் என்பது தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணின் கீழ் இருக்கும். முடிந்தவரை ஒரே அளவில் இரண்டு துண்டாகப் போடுங்கள். 16 ஒன்றைவிட 8 இரண்டு வேகமானது, இரண்டு பாதையில் ஒரே நேரத்தில் போய்வரும். ஆனால் இரண்டே இடம் உள்ள லேப்டாப்பில் பிற்பாடு கூட்டும் எண்ணம் இருந்தால், இப்போது ஒரு 16 போட்டு ஒன்றைக் காலியாக விடுவதும் சரிதான். தம்பியின் லேப்டாப்பில் அப்படி ஒரு காலி இடம் இருந்தது. இன்னொரு 16 வாங்கினார், 32 ஆயிற்று.

படி 6: மாட்டுவதும் சோதிப்பதும்

கணினியை முழுதாக அணைத்து, மின்கம்பியைப் பிடுங்குங்கள். லேப்டாப்பில் உள்ளே பேட்டரி இணைப்பையும் கழற்றுங்கள். ஏதாவது உலோகத்தைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, துண்டை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். லேப்டாப் துண்டைச் சாய்வாக நுழைத்து, கிளிப் இரண்டும் கிளிக் என்று பிடிக்கும் வரை கீழே அழுத்த வேண்டும். டி.டி.ஆர். 5 போட்ட முதல் தடவை திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். புது ரேமைக் கணினி பழகிக்கொள்கிறது. பயந்து அணைத்துவிடாதீர்கள்.

உடனே வேலையில் இறங்கவும் வேண்டாம். விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கையோ இலவசமான மெம்டெஸ்ட்86-ஐயோ ஒரு இரவு ஓடவிடுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடம் முன்பு மலிவாகக் கிடைத்த ஒரு துண்டைச் சோதிக்காமல் மாட்டினேன். கணினி நன்றாகத்தான் ஓடியது. ஒரு கல்யாணத்தின் 900 படங்களைக் கார்டிலிருந்து நகலெடுத்துத் திறந்தபோது, இருபது முப்பது படங்களில் பாதிக்குக் கீழே இளஞ்சிவப்பும் பச்சையுமாகப் பட்டை. தாலி கட்டும் படமும் அதில் ஒன்று. கெட்ட ரேம் வழியாகப் போகும்போதே பைட்டுகள் மாறியிருந்தன. கார்டை அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தேன். சோதனை முடியும் வரை கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள்.

படி 7: அமைப்புகள்

போட்டோஷாப் தன் பங்காக ரேமில் 70 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும்படி வருகிறது. லைட்ரூமையும் சேர்த்துத் திறப்பவர்கள் அப்படியே விடுங்கள். போட்டோஷாப் மட்டும்தான் என்றால் 80 வரை ஏற்றலாம். முழுதையும் கொடுத்தால் விண்டோஸ் மூச்சுத் திணறி இன்னும் மெதுவாகும். ஹிஸ்டரியில் 50 நிலைகள் என்பதை 20 ஆக்குங்கள். ரேம் நிரம்பும்போது போட்டோஷாப் எழுதிக்கொள்ளும் ஸ்கிராட்ச் டிஸ்க்காக வேகமான, 50 ஜி.பி.யாவது காலியான எஸ்.எஸ்.டி.யைக் காட்டுங்கள். பெரிய வேலை முடிந்ததும் எடிட் மெனுவில் பர்ஜ் கொடுத்தால் ஹிஸ்டரியும் கிளிப்போர்டும் பிடித்த இடம் திரும்பும். பிறகு அன்டூ கிடையாது, அதை நினைவில் வையுங்கள்.

ஜிம்ப்பில் படத்துக்கு ஒதுக்கும் ரேமைக் குறிக்கும் டைல் கேஷ் அளவையும், டார்க்டேபிளில் ரிசோர்சஸ் அமைப்பையும் உங்கள் ரேமுக்குத் தக்கபடி மாற்றலாம். இரண்டும் இலவசம்.

இப்போதைக்கு ரேம் வாங்க முடியாதவர்கள் லைட்ரூமில் ஸ்மார்ட் பிரிவியூ என்கிற சிறிய பிரதியை உருவாக்கி அதில் திருத்துங்கள். நீண்ட பக்கம் 2560 பிக்சல்தான் என்பதால் எட்டு ஜி.பி.யிலும் ஓடும். மாற்றங்கள் மூலப் படத்துக்கே போய்ச் சேரும். பனோரமாவை 16 பிட்டுக்குப் பதில் 8 பிட்டில் ஒட்டினால் தேவை பாதியாகும். வானத்தில் நிறமாற்றம் மெல்லியதாக இருந்தால் மட்டும் இதைத் தவிர்த்துவிடுங்கள், பட்டை பட்டையாகத் தெரியும்.

கடைசியாக மின்சாரம். காவடி வரும் மாதங்கள்தான் நமக்குப் புயல் மாதங்களும். 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரி கடைசியில் காரான்ஸ், இரண்டிலும் வீடுவீடாக மின்சாரம் போனது. ரேம் எவ்வளவு பெரியதோ, அதில் சேமிக்காமல் கிடக்கும் வேலையும் அவ்வளவு பெரியது. போட்டோஷாப்பில் தானாகச் சேமிக்கும் இடைவெளியைப் பத்து நிமிடத்திலிருந்து ஐந்தாக்குங்கள். மேசைக் கணினி என்றால் யு.பி.எஸ். ஒன்று வையுங்கள், கடையில் அதற்கு 'ஓந்துலேர்' என்று பெயர். ஆரஞ்சு எச்சரிக்கை வந்ததுமே நான் எல்லாவற்றையும் சேமித்து, இரண்டாவது டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி வைத்துவிடுகிறேன்.